கலாவுக்குச் செய்த களிம்பு

தைப்பிங்
12 ஜனவரி 2025

புனிதாவுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டாய். போன் அடித்தால் எடுப்பதில்லை. என் மகள் ரஸ்னாவின் போனிலிருந்து அடித்தேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். தபால்காரரை பிளாக் செய்ய உன்னால் முடியாது என்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுதிப் பல வருஷமாகிவிட்டது. கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்துக்கொண்டு படி.

உனக்குத் தெரிந்தது பாதிதான், அதனால் முழுக்கச் சொல்கிறேன். தீபாவளிச் சந்தையில் உன்னுடைய கற்றாழைச் சந்தனக் களிம்பை ரஸ்னா ஒரு டப்பா வாங்கி வந்தாள். ‘ரசாயனம் துளியும் இல்லை’ என்று மூடியில் ஒட்டியிருந்தாய். போன வாரம் மூடியைத் திறந்தால் ஒரு வாடை. நான் அதை வேலைக்குக் கொண்டுபோனேன். சோப்பு, ஷாம்பு, கிரீம் செய்கிற கம்பெனிகள் அனுப்பும் சாமான்களில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. உன் களிம்பைக் கிருமி வளர்க்கும் தட்டில் தடவி வைத்தேன். தட்டு முழுக்க முளைத்துவிட்டது. அதைப் போட்டோ எடுத்து நாம் படித்த தோட்டத்துப் பள்ளியின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, யாரும் இதைப் பூச வேண்டாம் என்று எழுதினேன். உனக்குத் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும், அதற்கு மன்னித்துக்கொள். தட்டில் முளைத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது.

இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நீ குரூப்பை விட்டுப் போன பிறகு அதில் இருக்கும் பழனியப்பன் ஒரு விஷயம் சொன்னான். உன் நாத்தனார் கலாவுக்கு மார்பில் புற்றுநோய், கீமோ நடக்கிறது, தினமும் உன் களிம்பைத்தான் பூசுகிறாள் என்றான். கீமோ எடுப்பவர்களுக்கு உடம்பில் எதிர்த்து நிற்கும் சக்தி குறைந்துபோகும். ரஸ்னா கையில் பட்டால் அரிப்போடு போகிற கிருமி, கலாவுக்கு உயிருக்கே வினையாகலாம். என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவளுக்குப் பூசுவதை மட்டும் நிறுத்து.

நஜீமா


லகாட்
20 ஜனவரி 2025

நஜீமாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் தேவன், “யாரு லா இந்தக் காலத்துல லெட்டர் போடுறது, கோர்ட்டா?” என்று பயந்துபோனார். பிரித்துப் பார்த்துவிட்டு, கோர்ட்டே தேவலாம் என்றேன்.

அந்த குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியும். நம் டீச்சர் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்கு என்னிடம் களிம்பு சொல்லி வைத்திருந்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். சிலிம் ரிவரிலிருந்து சதாசிவம், நீ போட்ட தட்டுப் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போன் போட்டு, “என்னா புனிதா, தயிர் வடை வியாபாரமா?” என்று கேட்டுச் சிரித்தான். நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். தைப்பிங்கிலிருந்து லகாட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் ஏன் இதைச் செய்ய ஆரம்பித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. கலாவுக்கு நோய் என்று தெரிந்த அன்று வீட்டிலிருந்த கிரீம், லோஷன் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். கெடாமல் இருக்கக் கம்பெனிக்காரர்கள் போடுகிற பாரபென் என்ற மருந்தால்தான் மார்பில் கட்டி வருகிறது என்று போனில் படித்தேன். நீ படித்தவள், புரளி என்பாய். இந்த வீட்டில் ஒருத்திக்குக் கட்டி வந்துவிட்டது, எனக்குப் புரளியும் பயம்தான். கீமோவில் அவள் தோல் வெடித்துப் பொருக்காக உதிர்ந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த கிரீமின் வாடைக்கே அவளுக்குக் குமட்டும். என் களிம்பைத்தான் ஆசையாகக் கையை நீட்டி வாங்கிக்கொள்வாள். சோறு கூட அப்படி வாங்குவதில்லை.

தண்ணீரைக் காய்ச்சுகிறேன். டப்பாவை வெந்நீரில் அலசுகிறேன். செய்ததைப் பிரிட்ஜில் வைக்கிறேன். பிறகு எங்கிருந்து வருகிறது உன் கிருமி? இன்னொன்றும் கேட்கிறேன். என் தேங்காய் எண்ணெய் பாட்டில் வருஷம் முழுக்க அடுப்பங்கரையிலேயே இருக்கிறது, அதற்கு யாரும் எந்த மருந்தும் போடுவதில்லை. அது ஏன் கெடுவதில்லை? ‘அறிவியல்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதே, விளக்கமாக எழுது.

கலாவுக்குப் பூசுவதை நிறுத்திவிட்டேன். நீ சொன்னதற்காக என்று நினைத்துக்கொள்ளாதே. பயந்துவிட்டேன், அவ்வளவுதான்.

புனிதா


தைப்பிங்
27 ஜனவரி 2025

அன்புள்ள புனிதா,

நிறுத்தினாயே, அது போதும். யாருக்காக நிறுத்தினாய் என்பது எனக்கு வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் கேள்வி நல்ல கேள்வி. எங்களிடம் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் கூட அதைக் கேட்பதில்லை. கிருமி உயிரோடு இருக்கத் தண்ணீர் வேண்டும். எண்ணெயில் தண்ணீர் இல்லை, அதனால் தாகத்தோடு கிடக்கும், பெருகாது. நாளானால் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், அது வேறு கதை. உன் களிம்பில் முக்கால்வாசி கற்றாழைச் சாறு. அது தண்ணீர்தான், அதிலும் கிருமிக்குப் பிடித்த சத்துள்ள தண்ணீர். நீ எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும், டப்பாவைத் திறந்து முதல் முறை விரலை விட்ட அன்றே கிருமி உள்ளே போய்விடும். பிரிட்ஜில் வைத்தால் மெதுவாகப் பெருகும், சாகாது. பிரிசர்வேட்டிவ் என்று நாங்கள் போடுவது விரலோடு வருகிற அந்தக் கிருமிக்குத்தான்.

பாரபெனைப் பற்றிய பேச்சைப் புரளி என்று ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். கட்டிக்குள் அது இருந்ததைச் சிலர் பார்த்து எழுதினார்கள். அதனால்தான் கட்டி வந்தது என்று அவர்கள் காட்டவில்லை. அதில் சில வகைகளுக்குத் தடை இருக்கிறது. மீதி வகைகளை இவ்வளவுக்கு மேல் போடக்கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். வேறு சில பிரிசர்வேட்டிவ் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிக்கும். எல்லாம் ஒன்றுபோல இல்லை, புனிதா. பாரபென் பயமாக இருந்தால் அது வேண்டாம். உன் அடுப்பங்கரையில் இருக்கும் சில்லி சாஸ் பாட்டிலைத் திருப்பி, என்னென்ன போட்டிருக்கிறது என்று படி. பென்சோயேட் என்று இருக்கும். அதையும் சோர்பேட் என்கிற இன்னொன்றையும் கலந்து ஒரு பொட்டலம் இத்துடன் அனுப்புகிறேன். அளவை உள்ளே எழுதி வைத்திருக்கிறேன். கண் அளவுக்குப் போடாதே, நிறுத்துப் போடு.

ஒன்றை மறக்காதே. இந்தப் பொடி புளிப்பில்தான் வேலை செய்யும். கேக் சாமான் கடையில் சிட்ரிக் ஆசிட் வாங்கி, நான் எழுதியபடி கரைத்து ஊற்று. புளிப்பு போய்விட்டால் பொடி தூங்கிவிடும்.

செய்து எனக்கு ஒரு டப்பா அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும்வரை கலாவுக்குக் கொடுக்காதே.

நஜீமா


லகாட்
14 பிப்ரவரி 2025

நஜீமா,

சாஸ் பாட்டிலைத் திருப்பினேன். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு கிச்சாப், ரோஜாப்பூ சிரப், தேவனின் ஊறுகாய், என் ஷாம்பு, பற்பசை என்று வீடு முழுக்கத் திருப்பிப் பார்த்துவிட்டேன். நீ சொன்ன பெயரும் அதன் அண்ணன் தம்பிகளும் பாதி பாட்டிலில் இருக்கிறார்கள். இத்தனை வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. பாசாரில் கூட எதை எடுத்தாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். நான் என்னவோ அதிகாரி என்று நினைத்து ஒரு கடைக்காரர் பவ்யமாகப் பேசினார்.

தைப்பூசம் முடிந்த கையோடு நீ சொன்னபடி செய்தேன். தங்கம் நிறுப்பது போல நிறுத்தேன். உன் கண்ணுக்கு முன்னால் போகப்போகிறது என்பதால், பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற மாதிரி எல்லாவற்றையும் துடைத்துவைத்துவிட்டுச் செய்த டப்பா இது. தேவன் லோரியில் தைப்பிங்குக்குச் சரக்கு கொண்டுவரும்போது கொடுப்பார். நீயும் நானும் போனில் பேசிக்கொண்டால் அவருக்கு இந்த அலைச்சல் இருக்காதாம். பேசுவதா வேண்டாமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன்.

ஒன்று கேட்கிறேன். இன்றைக்குக் களிம்பில் கிருமி இல்லை என்று பார்த்துவிடுவாய், சரி. நாளைக்கு ஒருத்தி விரலை விட்டால் தாங்குமா என்று எப்படிப் பார்ப்பாய்? நீங்களே கிருமியை உள்ளே விட்டுப் பார்ப்பீர்களா?

கலா தினமும் கேட்கிறாள். “அண்ணி, என் சந்தனம் எங்க?” என்பாள். ஆஸ்பத்திரி கிரீமை மூக்கைப் பிடித்துக்கொண்டு பூசிவிடுகிறேன், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். இந்த நோயில் அவளுக்குப் பிடித்ததென்று என்னால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டாய். சீக்கிரம் பார்த்துச் சொல்.

புனிதா


தைப்பிங்
28 பிப்ரவரி 2025

அன்புள்ள புனிதா,

ஆமாம், நாங்களே கிருமியை உள்ளே விட்டுத்தான் பார்ப்போம். எப்படித்தான் உனக்கு இந்தக் கேள்விகள் தோன்றுகின்றனவோ. விதவிதமான கிருமியை எடுத்து, உன் களிம்பில் வேண்டுமென்றே கலந்து மூடி வைத்து, அவ்வப்போது எடுத்துத் தட்டில் தடவிப் பார்ப்போம். முழுதாகப் பார்க்க ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். இதுவரை பார்த்ததில் விட்ட கிருமியெல்லாம் அடியோடு போய்விட்டது. தட்டு கழுவி வைத்ததுபோல் இருக்கிறது. என் மேலதிகாரி மோந்து பார்த்துவிட்டு எங்கே விற்கிறது என்று கேட்டார்.

இதே மாதிரி செய்து கலாவுக்குக் கொடு. இன்னும் இரண்டு நாளில் நோன்பு. வேலை, சமையல் என்று எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, கடிதம் தாமதமானால் கோபிக்காதே. கலாவுக்காக துஆ கேட்கிறேன்.

நஜீமா


லகாட்
10 ஏப்ரல் 2025

நஜீமா,

கலா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

நீ சரி என்றதும் அவளுக்கென்று தனியாகச் செய்து கொடுத்தேன். சந்தோஷமாகப் பூசிக்கொண்டாள். போன வாரம் கழுத்திலும் கையிலும் சின்னச் சின்னக் கொப்புளம். வெயிலால் வந்தது என்று நினைத்தேன். கொப்புளத்தில் சீழ் கட்டிக் காய்ச்சல் ஏறியது, கண் திறக்க முடியாமல் கிடந்தாள். தேவன் தூக்கிக்கொண்டு ஓடினார். காய்ச்சல் இறங்கிவிட்டது, ஊசி மருந்து ஓடுகிறது, பாக்கியிருந்த கடைசி கீமோவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கிருமி எங்கிருந்து வந்தது என்று டாக்டர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அவள் டப்பாவைத் திறந்தேன். ஓரத்தில் லேசாகப் பச்சை. நீ நிறுக்கச் சொன்னதை நிறுத்துப் போட்டேன். கரைக்கச் சொன்னதைக் கரைத்து ஊற்றினேன். இனி ஒன்றும் ஆகாது என்று உன்னை நம்பித்தான் அவள் உடம்பில் தடவினேன். நான் மருந்து போடாமல் செய்த காலத்தில் கூட அவளுக்கு இப்படி வந்ததில்லை. உன் பொடி என்ன பொடி? யாரைக் கேட்டு எனக்கு அனுப்பினாய்?

தேவன் நாளைக்கு அந்தப் பக்கம் வருகிறார், அவரிடம் டப்பாவைக் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

புனிதா


தைப்பிங்
19 ஏப்ரல் 2025

அன்புள்ள புனிதா,

டப்பாவில் இருந்தது சூடோமோனாஸ் என்கிற கிருமி. அந்தப் பச்சை அதனால் வந்ததுதான். பெயர் தெரிந்ததும் தேவனுக்குப் போன் போட்டு டாக்டரிடம் சொல்லச் சொன்னேன், எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க உதவும். கலா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தேவன் சொன்னார். அதைக் கேட்டபிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நீ கேட்டதெல்லாம் நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ பிப்ரவரியில் அனுப்பிய டப்பாவில் மீதி இருந்ததை எடுத்து, கலாவின் டப்பாவோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிறம் மாறும் சீட்டு ஒன்று இருக்கிறது, புளிப்பா காரமா என்று காட்டும். உன் பழைய களிம்பு புளிப்பு. கலாவுடையது சோப்புத் தண்ணீர் பக்கம் போயிருக்கிறது. பொடியை நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய், அதையும் பார்த்துவிட்டேன். புளிப்புதான் செத்திருக்கிறது. ஏதோ ஒன்று உள்ளே போய் சிட்ரிக் ஆசிட்டைத் தின்றிருக்கிறது.

என்னவென்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். உங்கள் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலை. தண்ணீரில் சுண்ணாம்பு இல்லாமல் இருக்காது. எனக்கு அனுப்பியதற்கு வடிகட்டிய தண்ணீர் எடுத்திருப்பாய், பிறகு செய்ததற்குக் குழாயைத் திறந்திருப்பாய். பந்தயம் கட்டத் தயார். பார்மசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் விற்கிறார்கள், இனி அதை வாங்கிச் செய். ஒரு கட்டு சீட்டும் நிற அட்டையும் அனுப்புகிறேன், நீயே வைத்துப் பார். களிம்பில் சேருகிற சாமான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எழுதி அனுப்பு.

நஜீமா


லகாட்
4 மே 2025

நஜீமா,

பந்தயத்தில் தோற்றுவிட்டாய். மலையை வீணாகப் பழி சொன்னாய்.

உன் சீட்டு வந்த அன்றே குழாய்த் தண்ணீரில் வைத்தேன், ஒன்றும் இல்லை, சாதுவான தண்ணீர். அதோடு நிறுத்த முடியவில்லை. ரசம், புளித்தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, தேவனின் காப்பி என்று எல்லாவற்றிலும் வைத்தேன். கலா படுக்கையில் உட்கார்ந்து நிற அட்டையைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். “அண்ணி, மோரை வெச்சிப் பாருங்க. அண்ணன் எச்சியை வெச்சிப் பாருங்க லா,” என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். இத்தனை மாதத்தில் அவள் எதையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டு நான் பார்க்கவில்லை. தேவன் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு நீ சொன்ன தண்ணீரை வாங்கிச் செய்தேன். கலா செக்கப்புக்கு அண்ணனோடு போயிருந்தாள், வீட்டில் யாரும் இல்லை. செய்து டப்பாவில் ஊற்றிவிட்டுச் சீட்டை வைத்தால் மறுபடியும் சோப்புப் பக்கம் போகிறது. கோபம் வந்துவிட்டது. உன்னை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சாமான் சேர்த்ததும் ஒரு சீட்டு வைத்தேன். கற்றாழை, சந்தனம், எண்ணெய், பன்னீர், உன் பொடி, சிட்ரிக் ஆசிட். கடைசிச் சாமான்வரை புளிப்புதான். நீ கேட்ட சாமான் அவ்வளவும் இவைதான், ஒன்றையும் நான் விடவில்லை.

அப்புறம் வழக்கம்போலத் திருநீறு போட்டேன். சீட்டு நிறம் மாறிவிட்டது.

நான் எந்தக் களிம்பு செய்தாலும், டப்பாவில் ஊற்றுவதற்கு முன் பூசிக்கொள்ளப் போகிறவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு திருநீறு போடுவேன். அதை உன்னிடம் மறைக்கவில்லை, நஜீமா. அது சாமான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சமைக்கும்போது முருகா என்று சொல்கிறோமே, அதைக் குழம்பில் சேர்ந்ததாக எழுதுவோமா? உனக்கு அனுப்பிய டப்பாவுக்கு மட்டும் போடவில்லை. அது பரிசோதனைக்குப் போகிறது, அதை யார் பூசப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு சிட்டிகை. அந்த அளவுக்குச் சீட்டு கொஞ்சம்தான் அசைகிறது, அவர்கள் டப்பா தாங்கியிருக்கிறது. கலாவுக்கு மட்டும் அப்படி இல்லை. அவள் பிறந்த நட்சத்திரத்தில் மாதாமாதம் கோயிலில் அர்ச்சனை செய்து, அந்தத் திருநீற்றை எடுத்து வைத்துப் போடுவேன். முதலில் அவளுக்கும் ஒரு சிட்டிகைதான். அவள் மெலிய மெலிய என் கை தாராளமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வைத்ததே ஒரு டப்பா, அதில் ஒரு கைப்பிடி போட்டிருந்தேன். சந்தனம் இருந்ததால் நிறம் தெரியவில்லை. எவ்வளவுக்கு எவ்வளவு அவளுக்காக வேண்டிக்கொண்டேனோ, அவ்வளவுக்கு அவ்வளவு அது கெட்டுப்போயிருக்கிறது.

கலா உன் பொடி சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். இதை அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் என் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? தயவு செய்து இதை குரூப்பில் போட்டுவிடாதே.

புனிதா


தைப்பிங்
9 மே 2025

அன்புள்ள புனிதா,

குரூப்பில் போட மாட்டேன். ஒரு முறை செய்ததற்கே நாலு மாதமாகத் தபால்தலை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

சுண்ணாம்பு மலையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். நான்தான் ஜம்பமாகப் பந்தயம் கட்டினேன், நீதான் கண்டுபிடித்தாய். சாம்பல் எதுவானாலும் காரம், புளிப்பை அது தின்றுவிடும். உன்னிடம் என்னென்ன சேர்க்கிறாய் என்று கேட்டேனே தவிர, அடுப்புப் பக்கம் நின்று என்னென்ன செய்கிறாய் என்று கேட்கவில்லை. அதை எங்கள் லேப்பில் யாரும் கேட்பதில்லை.

ரஸ்னாவுக்கு டெங்கி வந்து படுத்திருந்தபோது, எங்கள் பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிவந்து, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் கரண்டியால் அவள் வாயில் ஊற்றினேன். தினமும் கிருமியைப் பார்க்கிறவள் நான். அந்தத் தண்ணீர் எந்தக் குழாயில் பிடித்தது, எந்தப் பாட்டிலில் வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவள் பிழைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது என் மண்டையில் இல்லை. அதனால் உன்னைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் இல்லை.

கலாவிடம் சொல்லிவிடு. என் பொடியைக் காப்பாற்றுவதற்காகக் கேட்கவில்லை. பொடிதான் காரணம் என்று நம்பினால் நாளைக்கு யாராவது கொடுக்கிற, மருந்து போடாத இன்னொரு டப்பாவை வாங்கிப் பூசிக்கொள்வாள். அது அவள் உடம்பு, அதற்குள் என்ன போனது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். உன் வேண்டுதலை அளக்க என்னிடம் சீட்டு இல்லை, அதை நீ நிறுத்த வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

டாக்டரைக் கேட்காமல் புதுக் களிம்பைப் பூசாதே. மூடியில் ‘ரசாயனம் துளியும் இல்லை’ என்று ஒட்டுவதை விட்டு, பொடியின் பெயரைப் போடு.

நஜீமா


லகாட்
18 மே 2025

அன்புள்ள நஜீமா,

சொல்லிவிட்டேன்.

அதற்கு முன் பல நாள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டேன். கீமோ முடிந்து அவள் கொஞ்சம் தேறியிருக்கிறாள், அதைக் கெடுப்பானேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அவளே, “நஜீமாக்கா பொடி எதுக்கு வேலை செய்யல, கண்டுபிடிச்சீங்களா?” என்று கேட்டாள். நிற அட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாள், என்னத்தைச் சொல்லி மழுப்புவது? சீட்டை எடுத்துவந்து அவள் கண்ணெதிரே ஒரு கிண்ணத்தில் களிம்பும் இன்னொன்றில் திருநீறு கலந்த களிம்பும் வைத்துக் காட்டினேன். இரண்டாவது சீட்டு நிறம் மாறியதும் அட்டையில் தானே ஒத்துப் பார்த்தாள். நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம், எல்லாருக்கும் இப்படித்தான் போடுகிறேனா என்று கேட்டாள். மற்றவர்களுக்குச் சிட்டிகை, உனக்கு மட்டும் ஒரு கைப்பிடி என்றேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம்வரை வெளியே வரவில்லை. தேவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு லோரியைக் கழுவப் போய்விட்டார். என்னால் அந்தக் காய்ச்சல் வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கூட வாங்க மாட்டாள் என்றே நினைத்தேன். உன்மேல் கூடக் கோபம் வந்தது, சொல்லச் சொன்னது நீதானே.

குரூப்பில் மறுபடி சேர்ந்துவிட்டேன், பார்த்திருப்பாய். என்ன நடந்தது என்று நானே எழுதிப் போட்டேன். திருநீற்றைக் குறை சொல்லக்கூடாது என்று உடையப்பன் சண்டைக்கு வந்தான். நான் குறை சொல்லவில்லை, அது நெற்றிக்கு, டப்பாவுக்கு இல்லை என்றேன். சதாசிவம் ஒன்றும் எழுதவில்லை, அதுவே பெரிது. டாக்டர், காயம் முழுக்க ஆறிய பிறகு பூசலாம் என்றிருக்கிறார். மூடிக்குப் புதிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், பொடியின் பெயரோடு. எழுத்து சரியா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும். தபாலில் வேண்டாம், போனில் சொல். உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

கலாவைப் பற்றி முடிக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். நான் சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன், என்ன வேண்டிக்கொள்வது என்று கூடத் தெரியவில்லை. தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

“இனிமே டப்பால போடாதீங்க அண்ணி,” என்றாள். “எனக்காக வேண்டணும்னா இங்க வெச்சி வேண்டிக்குங்க.”

என் கையைப் பிடித்து அவள் தலைமேல் வைத்துக்கொண்டாள். முடி அரும்பியிருக்கிறது, உள்ளங்கையில் குறுகுறுத்தது. வேண்டி முடித்த பிறகும் கையை எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.

புனிதா